வெளியூர் நூல் நம் ஊருக்கு வரும் வழி: நூலகங்களுக்கிடையிலான இரவலும் ஆவணப் பகிர்வும் – இராமநாதபுரம் கடற்கரை வாசகர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தொண்டியிலிருந்து மூக்கையூர் வரை நீளும் இந்தக் கடற்கரையில் ஆய்வு மாணவர்களும், போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களும், ஊர் வரலாறு எழுத முனைபவர்களும் நூலகப் படியேறி வந்து கேட்கும் நூல், பெரும்பாலும் எங்கள் அலமாரியில் இல்லாத நூலாகவே இருக்கிறது. கல்லூரி நூலகம் ஒன்றில் பல ஆண்டுகளாகப் பணியாற்றி வருகிற நான், அவர்களுக்கு நேரில் சொல்லிவந்த விடைகளை இங்கே எழுதிவைக்கிறேன்.

நூலகங்களுக்கிடையிலான இரவல் என்பது என்ன?

ஒரு நூலகம் தன்னிடம் இல்லாத நூலை மற்றொரு நூலகத்திடமிருந்து குறிப்பிட்ட தவணைக்குக் கேட்டுப் பெற்றுத் தன் வாசகருக்குத் தருவதே இது. இதில் கடன் வாங்குபவர் வாசகர் அல்லர், அவருடைய நூலகம் என்பதை முதலிலேயே மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். மதுரையிலோ காரைக்குடியிலோ இருக்கும் நூலகத்துக்கு உங்களைத் தெரியாது. எங்களைத் தெரியும், எங்கள் முத்திரையையும் கையொப்பத்தையும் நம்பி அனுப்புகிறது. நூல் காணாமல் போனால் அங்கிருந்து கடிதம் வருவது எங்கள் மேசைக்குத்தான். அடையாள அட்டை கேட்பதும், சில நூல்களை வீட்டுக்குத் தராமல் நூலகத்திலேயே வைத்துப் படிக்கச் சொல்வதும் வாசகர்களுக்குச் சலிப்பூட்டுகின்றன என்பதை அறிவேன். அவை எல்லாம் இந்தப் பொறுப்பிலிருந்து வந்தவையே.

ஆவண வழங்கல் என்று தனியாக ஒன்றைச் சொல்கிறார்களே?

இரவலில் நூலே வந்து திரும்பிப் போகும். ஆவண வழங்கலில் ஒரு கட்டுரையின் அல்லது ஓர் அத்தியாயத்தின் நகல் மட்டும் வரும். திருப்பி அனுப்ப வேண்டியதில்லை. உங்களுக்குத் தேவை 400 பக்க நூலில் 18 பக்கம்தான் என்றால் நகலையே கேளுங்கள். விரைவில் கிடைக்கும், செலவும் குறையும்.

நான் கல்லூரியில் படிக்கவில்லை. ஊர்க் கிளை நூலகத்தில் உறுப்பினர். எனக்கு வழி உண்டா?

உண்டு. 1948இல் இயற்றப்பட்டு 1950இல் நடைமுறைக்கு வந்த பொது நூலகச் சட்டத்தின்படி, மாவட்டத்திலுள்ள மைய நூலகம், கிளை நூலகங்கள், ஊர்ப்புற நூலகங்கள் யாவும் மாவட்ட நூலக ஆணைக்குழு என்னும் ஒரே குடையின் கீழ் இயங்குகின்றன. ஆகவே இராமநாதபுரம் மாவட்ட மைய நூலகத்தில் இருக்கும் ஒரு நூல் உங்கள் ஊர்க் கிளைக்கு வருவது, கணக்குப்படி ஒரு வீட்டின் ஓர் அறையிலிருந்து மற்றோர் அறைக்கு வருவதைப் போன்றதே. கிளை நூலகரிடம் நூலின் பெயரை எழுத்தில் கொடுங்கள்; வாய்மொழியாகச் சொன்னது அன்று மாலையே மறந்துபோகும். நீங்கள் கட்டும் சொத்து வரியோடு நூலக வரியும் சேர்த்தே வாங்கப்படுகிறது என்பதை நினைவில் கொண்டு, கூச்சப்படாமல் கேளுங்கள்.

மாவட்டத்துக்கு வெளியே உள்ள பல்கலைக்கழக நூல் வேண்டுமென்றால், அருகிலுள்ள கல்லூரி நூலகத்தை அணுகுவதே நடைமுறைக்கு ஏற்றது. வெளியாருக்கு உதவக் கூடாது என்று எந்த நூலகரும் பிடிவாதம் பிடிப்பதில்லை; கல்லூரி முதல்வரின் ஒப்புதலுக்கு ஒரு கடிதம் எழுதவேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

கோரிக்கைச் சீட்டில் எவற்றை எழுத வேண்டும்? ஏன் இவ்வளவு விவரம் கேட்கிறீர்கள்?

இந்தக் கேள்விக்குச் சற்று விரிவாகவே விடை சொல்ல வேண்டும், ஏனெனில் வராமல் போகிற நூல்களில் பாதிக்கு மேல் குறை விவரத்தால்தான் வராமல் போகின்றன என்பது என் அனுபவம்.

சங்கு குளிக்கும் குடும்பத்திலிருந்து கல்லூரிக்கு வந்த ஒரு மாணவர், 'வெள்ளைக்காரர் எழுதிய சங்குப் புத்தகம்' வேண்டும் என்று ஒரு துண்டுத் தாளில் எழுதித் தந்தார். அவருடைய பாட்டனார் அந்த நூலைப் பற்றிச் சொல்லக் கேட்டிருக்கிறார். அப்படிப்பட்ட நூல் ஒன்றுக்கு மேல் உண்டு என்பதை நாங்கள் அப்போது யோசிக்கவில்லை. எட்கர் தர்ஸ்டன் மன்னார் வளைகுடாவின் முத்து, சங்குக் குளிப்பைப் பற்றி எழுதியது சென்னை அரசு அருங்காட்சியகத்தின் முதலாவது வெளியீடாக 1894இல் வந்தது. ஜேம்ஸ் ஹார்னெல் சங்கை மட்டுமே எடுத்துக்கொண்டு எழுதிய 'தி சேக்ரட் சாங்க் ஆஃப் இந்தியா' சென்னை மீன்துறையின் 7ஆம் வெளியீடாக 1914இல் வந்தது. நாங்கள் 'முத்து, சங்கு' என்று பொதுவாக எழுதிக் கேட்டோம். மூன்று வாரம் கழித்துத் தர்ஸ்டனின் சில பக்கங்களின் நகல் வந்து சேர்ந்தது. மாணவர் தேடிய செய்தி, அதாவது சங்கு எப்படி அறுக்கப்பட்டு வங்காளத்தில் வளையலாகிறது என்பது, ஹார்னெலின் நூலில்தான் இருந்தது. தவறு முழுக்க எங்களுடையதே.

இரண்டாம் முறை ஆசிரியர் பெயரும் நூற்பெயரும் எழுதிக் கேட்டபோது, 'எங்களிடம் இல்லை' என்று ஒரு நூலகத்திலிருந்து பதில் வந்தது. அங்கே நூல் இருக்கத்தான் செய்தது. ஆனால் அவர்கள் பட்டியலில் அது தனி நூலாகப் பதியப்படாமல், மீன்துறை வெளியீட்டு வரிசையின் ஓர் எண்ணாகப் பதியப்பட்டிருந்தது. வரிசைப் பெயரையும் '7' என்ற எண்ணையும் சேர்த்து எழுதிய பிறகே கிடைத்தது.

ஆகவே, நூலானால் ஆசிரியர், முழுப் பெயர், பதிப்பகம், ஆண்டு, எத்தனையாவது பதிப்பு என்பதோடு, ஏதேனும் வரிசையில் வந்ததானால் அந்த வரிசையின் பெயரும் எண்ணும் வேண்டும். இதழ்க் கட்டுரையானால் இதழின் பெயர், தொகுதி, இதழ் எண், ஆண்டு, தொடக்கப் பக்கம், முடியும் பக்கம் ஆகியவை வேண்டும். இந்தத் தகவலை நீங்கள் எங்கே பார்த்தீர்கள் என்பதையும் ஒரு வரி எழுதுங்கள். மற்றொரு நூலின் அடிக்குறிப்பில் பார்த்ததானால் அந்தப் பக்கத்தைக் கைப்பேசியில் படமெடுத்துக் கொடுத்துவிடுங்கள். அடிக்குறிப்பில் அச்சுப்பிழை இருந்தால்கூட எங்களால் கண்டுபிடிக்க முடியும்.

ஒரு நூல் எந்த நூலகத்தில் இருக்கிறது என்பதை நானே தேடலாமா?

தாராளமாகத் தேடலாம். காந்திநகரில் உள்ள இன்ஃபிளிப்நெட் மையம் இந்தியப் பல்கலைக்கழக நூலகங்களின் கூட்டுப் பட்டியலை 'இண்ட்கேட்' என்ற பெயரில் நடத்துகிறது. புதுதில்லியிலிருந்து இயங்கும் டெல்நெட், தன் உறுப்பு நூலகங்களின் பட்டியலை ஒன்றாகத் திரட்டி வைத்திருப்பதோடு, அவற்றுக்கிடையே இரவலையும் நடத்தித் தருகிறது; ஆனால் அதில் உறுப்பினராவது நிறுவனம்தான், தனி ஆள் அல்லர். உலக அளவில் 'வேர்ல்ட்கேட்' உண்டு.

தமிழ் நூல்களைத் தேடும்போது ஒரு சிக்கல் வரும். வெளிநாட்டு நூலகங்கள் தமிழ்ப் பெயர்களை நாம் வழக்கமாக எழுதும் ஆங்கில எழுத்துக்கூட்டில் பதிவதில்லை. தமிழ் எழுத்துக்கு ஓர் ஆங்கில எழுத்து என்னும் ஒழுங்கான முறையில் பதிகின்றன. 'சேதுபதி' அங்கே 'எஸ்' எழுத்தில் இராது, 'சி' எழுத்தில் இருக்கும். 'கீழக்கரை'யின் ழகரத்துக்கு 'இசட்-எச்' போட்டால் ஒன்றும் வராது, 'எல்' போட வேண்டும். 'இராமநாதபுரம்' என்பதை 'ஐ' எழுத்திலும் 'ஆர்' எழுத்திலும் தேடுவதோடு, ஆங்கிலேயர் வழக்கான 'ராம்நாட்' என்பதையும் விடாமல் தேடுங்கள். நூலே இல்லை என்று நினைத்துப் பலர் விட்டுவிடுவது இந்த எழுத்துக்கூட்டுச் சுழலில் சிக்கித்தான்.

எங்கள் மாவட்டத்தைப் பற்றிய பழைய நூல்களும் ஆய்வேடுகளும் இங்கே ஏன் கிடைப்பதில்லை?

இன்றைய மாவட்ட எல்லையை வைத்துத் தேடுவதால்தான். 1910இல் அமைந்த இராமநாதபுரம் மாவட்டம் 1985 வரை இன்றைய சிவகங்கை, விருதுநகர் மாவட்டங்களையும் உள்ளடக்கியிருந்தது. அதன் ஆட்சியர் அலுவலகமும் அக்காலத்தில் மதுரையில்தான் இருந்தது. எனவே 'இராமநாதபுரம் மாவட்டம்' என்ற பழைய முத்திரையோடு கூடிய நூல் தேவகோட்டையிலோ அருப்புக்கோட்டையிலோ அமைதியாக உட்கார்ந்திருக்கக்கூடும். இந்தப் பகுதிக் கல்லூரிகள் இப்போது காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகத்தோடு இணைந்திருக்கின்றன. முன்பு மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தோடு இணைந்திருந்தன. ஆகையால் பாம்பனைப் பற்றியோ சேதுபதிகளைப் பற்றியோ பழைய ஆய்வேடு தேடுகிறவர்கள் முதலில் மதுரையைத்தான் கேட்க வேண்டும்.

புதிய ஆய்வேடுகளுக்கு இவ்வளவு அலைச்சல் இல்லை. பல்கலைக்கழகங்கள் முனைவர் பட்ட ஆய்வேடுகளை இன்ஃபிளிப்நெட்டின் 'சோத்கங்கா' தளத்தில் ஏற்ற வேண்டும் என்பது பல்கலைக்கழக மானியக் குழுவின் விதி. அங்கே யாரும் இலவசமாகப் படிக்கலாம். சமஸ்தானக் காலத்து அரசாணைகளும் நிலவருவாய்க் கோப்புகளும் வேண்டுமானால் அவை சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தைச் சேர்ந்தவை. ஆவணக் காப்பகம் இரவல் தராது. விண்ணப்பித்து நேரில் பார்க்க வேண்டும், நகல் கேட்டுப் பெற வேண்டும்.

எவற்றை இரவலாகக் கேட்கக் கூடாது?

ஓலைச்சுவடிகள், கையெழுத்துப் படிகள், தொகுதிகளாகக் கட்டிவைத்த பழைய நாளிதழ்கள், அகராதி முதலான குறிப்புதவி நூல்கள் ஆகியவை வெளியே வருவதில்லை. சென்னை கன்னிமாரா நூலகம், நூல் வழங்கல் சட்டத்தின்படி நாட்டில் வெளியாகும் நூல்களின் படிகளைப் பெறும் நான்கு நூலகங்களுள் ஒன்று. பாதுகாத்து வைப்பதற்காகவே பெறப்பட்ட படியைத் தபாலில் அனுப்பச் சொல்வது முறையன்று. கீழக்கரைப் பக்கத்து வீடுகளிலும் மதரசாக்களிலும் இருக்கும், தமிழை அரபு எழுத்தில் எழுதிய அரபுத்தமிழ்க் கல்லச்சு நூல்களும் அப்படியே. தாள் மடிந்தாலே ஒடிந்துவிடும் நிலையில் இருக்கும் அவற்றை, அங்கேயே போய்ப் படமெடுத்துக்கொள்ள அனுமதி கேட்பதுதான் மரியாதை. பழைய தமிழ் அச்சு நூல்களுக்குச் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தின் பட்டியலை அவசியம் பாருங்கள். கோட்டையூரில் ஒரு தனி மனிதர் சேர்த்த சேகரிப்பிலிருந்து 1994இல் உருவான நூலகம் அது. நம் பக்கத்து ஊர்ச் சேகரிப்பு என்பதால் நம் பகுதிச் செய்திகள் அங்கே எதிர்பாராத இடங்களில் தட்டுப்படும்.

நூலை ஒளிநகல் எடுப்பது சட்டப்படி சரியா?

1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, ஆய்வு உள்ளிட்ட சொந்தப் பயன்பாட்டுக்கு நியாயமான அளவில் நகலெடுப்பதை அனுமதிக்கிறது. எத்தனை பக்கம் என்று சட்டம் எண் சொல்லவில்லை. ஓர் இதழிலிருந்து ஒரு கட்டுரை, ஒரு நூலிலிருந்து ஓர் அத்தியாயம் என்பதை நாங்கள் வழக்கமாக வைத்திருக்கிறோம். இந்தியாவில் விற்பனைக்குக் கிடைக்காத நூலானால், வணிக நோக்கமற்ற பொது நூலகம் தன் பயன்பாட்டுக்காக மூன்று படிகள் வரை எடுத்துக்கொள்ளலாம் என்றும் அதே பிரிவு சொல்கிறது.

ஆசிரியர் மறைந்த அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள் கழிந்துவிட்டால் உரிமை முடிந்தது. ஹார்னெல் 1949இல் மறைந்தார். 2010 முதல் அவருடைய நூலை இந்தியாவில் யாரும் நகலெடுக்கலாம். உண்மையில் அது முழுமையாக மின்வருடப்பட்டு இணைய ஆவணக் காப்பகமான 'இன்டர்நெட் ஆர்கைவ்' தளத்தில் கிடக்கிறது. முதலில் தேட வேண்டிய இடத்தில் நாங்கள் கடைசியாகத்தான் தேடினோம். தமிழ்நாட்டில் நாட்டுடைமையாக்கப்பட்ட ஆசிரியர்களின் நூல்களுக்கு இந்த 60 ஆண்டுக் கணக்கும் வேண்டாம். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் அவற்றுள் பல கிடைக்கின்றன.

செலவு யாருடையது? எத்தனை நாள் வைத்துக்கொள்ளலாம்?

தபால் செலவை வாசகரிடம் வாங்கும் நூலகமும் உண்டு, தானே ஏற்கும் நூலகமும் உண்டு, முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். 2025 மே முதல் அஞ்சல் துறை 'ஞான் போஸ்ட்' என்ற பெயரில் நூல்களுக்கென ஒரு சேவையை நடத்துகிறது. 300 கிராம் வரை 20 ரூபாய், 5 கிலோ வரை 100 ரூபாய், வரி தனி. நூல் எங்கே வந்துகொண்டிருக்கிறது என்பதையும் பார்க்கலாம்; ஆனால் தரைவழியாகவே வரும் என்பதால் அவசரத்துக்கு உதவாது. பதிவுத் தபால் 2025இல் விரைவுத் தபாலோடு இணைக்கப்பட்டுவிட்டது. அவசர நூலுக்கு இப்போது விரைவுத் தபாலோ தனியார் கூரியரோதான்.

தவணையை அனுப்பும் நூலகமே முடிவு செய்கிறது. தவணை நாள் என்பது நூல் அவர்கள் கைக்குத் திரும்பிச் சேர வேண்டிய நாளா, நாம் அனுப்ப வேண்டிய நாளா என்பதைச் சீட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு முறை 30 நாள் தவணையில் வந்த நூல் வழியிலேயே 11 நாளைத் தின்றுவிட்டது. திரும்பும் பயணத்துக்கும் அவ்வளவு ஒதுக்கியபோது வாசகருக்கு மிஞ்சியது 8 நாள்தான். நீட்டிப்பு வேண்டுமென்றால் தவணை முடிவதற்கு முன்பே கேட்க வேண்டும்.

'ஒரே நாடு ஒரே சந்தா' வந்துவிட்டதே, இனி இரவல் எதற்கு?

2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்து, 2025 சனவரியில் தொடங்கிய அந்தத் திட்டம் பெரிய வசதி என்பதில் ஐயமில்லை. 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 மின்னிதழ்கள், அரசு நடத்தும் உயர்கல்வி நிறுவனங்களுக்குத் திறந்துவிடப்பட்டிருக்கின்றன. மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டிருக்கிறது. ஆயினும் அது இதழ்களுக்கான ஏற்பாடு, நூல்களுக்கு அன்று. நம் தேவையில் பெரும்பகுதியான பழைய தமிழ் நூல்களும் சிற்றிதழ்களும் மாவட்ட விவரச் சுவடிகளும் அதில் வாரா. ஆண்டு முடிவில் சந்தாப் பட்டியலைக் குறைக்க நினைக்கும் நிர்வாகங்கள் இந்தத் திட்டத்தைக் காட்டித் தமிழிதழ்களையும் சேர்த்து வெட்டுவதைக் காணும்போது, இரவல் சேலையை நம்பி இடுப்புக் கந்தையை எறிந்த கதைதான் நினைவுக்கு வருகிறது.

கடலியல், மீன்வளம் சார்ந்த கட்டுரைகள் வேண்டும். தில்லிக்கு எழுத வேண்டுமா?

வேண்டியதில்லை. 1947இல் தொடங்கப்பட்ட மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனத்தின் தலைமையகம் பல ஆண்டுகள் இயங்கியது நம் மண்டபம் முகாமில்தான். அது 1971இல் கொச்சிக்குப் போனாலும் மண்டபத்தில் ஆராய்ச்சி மையம் தொடர்கிறது. நிறுவனத்தின் வெளியீடுகளைத் திரட்டி வைத்திருக்கும் மின்களஞ்சியம் எவருக்கும் திறந்தே இருக்கிறது. பாக் நீரிணையின் கடற்பாசியைப் பற்றியோ மன்னார் வளைகுடாத் தீவுகளின் பவளப் பாறைகளைப் பற்றியோ எழுதுகிறவர்கள் பணம் கட்டிக் கேட்பதற்கு முன் அங்கே தேட வேண்டும். அங்கும் கிடைக்காத கட்டுரைக்கு, கட்டுரையாசிரியருக்கே பணிவாக ஒரு மின்னஞ்சல் எழுதுங்கள். பெரும்பாலோர் மகிழ்ச்சியோடு அனுப்புகிறார்கள்.

இலங்கையில் வெளியான தமிழ் நூல்களை எப்படிப் பெறுவது?

தனுஷ்கோடியில் நின்றால் தலைமன்னார் கூப்பிடு தொலைவு போலத் தோன்றும். நூல் அந்த வழியாக வருவதில்லை. இலங்கைத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் மின்வருடிப் பொதுவில் வைக்கும் 'நூலகம்' இணையத் தளத்தில் முதலில் தேடுங்கள். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. அவற்றுள் வேறெங்கும் படி இல்லாதவையும் இருந்தன என்பதை நினைக்கையில், ஒரு நகல் வேறோர் ஊரில் இருப்பதன் பொருள் விளங்கும்.

மழைக்காலத்தில் நூலைத் திருப்பி அனுப்பும்போது என்ன செய்ய வேண்டும்?

ஐப்பசி, கார்த்திகையில் நம் பக்கம் காற்றிலேயே உப்பும் ஈரமும் இருக்கும். மேசைமேல் இரண்டு நாள் கிடந்த நூலின் அட்டை தானாக வளைந்து நிற்கும். நூலை எங்களிடம் கொண்டுவந்து தாருங்கள், நீங்களே தபாலில் சேர்க்க வேண்டாம். நாங்கள் முதலில் பக்கங்களைப் புரட்டி, உள்ளே வைத்த அடையாளச் சீட்டுகளை எடுத்துவிட்டு, நாளிதழ்த் தாளில் சுற்றி, அதன்மேல் பாலித்தீன் உறையிட்டு, நூலைவிட இரண்டு விரல் பெரிதாக வெட்டிய அட்டைகளுக்கிடையில் வைத்துக் கட்டுகிறோம். மூலைகள் அடிபடாமலிருக்க அந்த இரண்டு விரல் இடைவெளி வேண்டும். ஒட்டும் நாடா பாலித்தீன்மேல் மட்டுமே படவேண்டும். நூல் நனைந்துவிட்டால் வெயிலில் காயவைக்காமல், மின்விசிறியின் கீழ் பக்கங்களுக்கிடையே வெள்ளைத் தாள் வைத்துக் காயவிட்டு, உடனே எங்களுக்குத் தெரிவியுங்கள். கறையை மறைத்துத் திருப்பிக் கொடுத்தால், அந்த நூலகத்திலிருந்து அடுத்த நூல் வராது.